கோடு போடவா, வேண்டாமா? ஆங்கிலப் பெயரடைகளுக்கு ஹைஃபன் போடும் முறை

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு பயிற்சி வகுப்புக்கான ஆங்கில அறிவிப்பைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. மொத்தமே பத்து வரி. அதில் ‘ஃபோர் ஹவர்-லாங் செஷன்ஸ்’ என்று ஒரு தொடர். நடுவில் ஒற்றைக் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்பது எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

பயிற்சியாளர் நான்கு வகுப்பு, வகுப்புக்கு ஒரு மணி நேரம் என்று தயாராகி வந்தார். எழுதியவரே அவர்தான், அவருக்குத் தெரியும். வந்தவர்களில் பாதிப் பேர் ஒவ்வொரு வகுப்பும் நான்கு மணி நேரம் என்று படித்துவிட்டு, அன்றைய வேலைகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் முதல் வகுப்பு முடிந்ததும், ‘இவ்வளவுதானா?’ என்று ஒருவர் கேட்டாராம். விசாரித்துக்கொண்டே வந்தவர்கள் கடைசியில் என் மேஜையில் வந்து நின்றார்கள்.

எனக்கு மேலே இருந்த மூத்த எடிட்டர் திட்டவில்லை. அச்செடுத்த தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அந்த நான்கு சொல்லையும் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதினார். சிவப்புப் பென்சிலை என்னிடம் நீட்டி, “இதில் யார் யாருடைய கையைப் பிடித்திருக்கிறார்கள், சொல்லும்மா” என்றார்.

நான் விழித்தேன். அவரே போட்டுக் காட்டினார். ‘ஹவர்’ என்பதிலிருந்து ‘லாங்’ வரைக்கும் கீழே ஒரு வளைவு. அந்த ஜோடியிலிருந்து ‘செஷன்ஸ்’ வரைக்கும் ஓர் அம்பு. ‘ஃபோர்’ என்பதிலிருந்து தனியாக இன்னோர் அம்பு, அதுவும் நேராக ‘செஷன்ஸ்’ மேலேயே போய் விழுந்தது. ஒரு மணி நேர வகுப்புகள், அவை நான்கு. அப்புறம் அதே சொற்களை இன்னொரு முறை எழுதி, இந்தத் தடவை ‘ஃபோர்’, ‘ஹவர்’, ‘லாங்’ மூன்றையும் ஒரே வளைவில் கட்டினார். இப்போது வகுப்பு ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். எத்தனை வகுப்பு என்றே தெரியாது.

“வளைவு விழுந்த இடத்தில் கோடு. அம்பு மட்டும் போனால் கோடு இல்லை. போய் வேலையைப் பார்” என்றார்.

பதினைந்து வருடமாக ஆங்கிலக் கையேடுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் திருத்திக்கொண்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு ஹைஃபனைச் சொல்லித் தந்ததில்லை. கீழே சொல்லப்போவதெல்லாம் அந்த வளைவுக்கும் அம்புக்கும் உரைதான்.

ஒரு விஷயம். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் காட்டுகிறேன். வேண்டுமென்றேதான். ஆங்கில எழுத்தில் பார்த்தால் கண் பழக்கத்தில் ஓடிவிடும்; இப்படி எழுதினால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே ஆக வேண்டும், கோடும் கண்ணில் படும்.

நமக்குத் தெரிந்த சங்கதிதான்

‘மண்வெட்டி கொண்டு வா’ என்றால் கருவியை எடுத்துவரச் சொல்கிறோம். ‘மண் வெட்டிக் கொண்டு வா’ என்றால் வேர்வை சிந்த வேண்டும். ‘வேலை தேடினான்’ என்றால் பிழைப்புக்கு. ‘வேலைத் தேடினான்’ என்றால் முருகன் கையில் இருப்பது காணாமல் போய்விட்டது. ஓர் இடைவெளி, ஓர் ஒற்று, அவ்வளவுதான் வித்தியாசம். எது எதோடு சேருகிறது என்பதை நாம் ஒற்றை வைத்தும் சேர்த்தெழுதியும் காட்டுகிறோம். ஆங்கிலத்துக்கு ஒற்று மிகும் வசதி கிடையாது. அதன் சொற்களுக்கு வேற்றுமை உருபும் பெரும்பாலும் ஒட்டாது. எல்லாச் சொல்லும் வரிசையாக மொட்டையாக நிற்கும். அதனால்தான் அதற்கு இந்தச் சின்னக் கோடு தேவைப்படுகிறது.

தமிழில் சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனையும்கூட. ‘மேன் ஈட்டிங் ஃபிஷ்’ என்று கோடு இல்லாமல் இருந்தால் மீன் சாப்பிடும் ஒரு மனிதர். ‘மேன்-ஈட்டிங் ஃபிஷ்’ என்றால் மனிதரைத் தின்னும் மீன். தமிழில் ‘ஐ’ எந்தச் சொல்லில் ஏறுகிறது என்று பாருங்கள். கோடு போட்டதும் ‘மனிதரை’ என்று ஆகிவிட்டது. அந்த மறைந்த ‘ஐ’யின் வேலையைத்தான் கோடு செய்கிறது.

பெயருக்கு முன்னால் கோடு, பின்னால் பெரும்பாலும் இல்லை

‘எ வெல்-நோன் ஆதர்’. நன்கு அறியப்பட்ட எழுத்தாளர். ‘வெல்’ என்பது ‘நோன்’ என்பதைப் பிடித்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து ‘ஆதர்’ மேல் விழுகின்றன. கோடு வேண்டும். ஆனால் ‘த ஆதர் இஸ் வெல் நோன்’ என்று எழுதினால் கோடு தேவையில்லை.

ஏன் இந்த ஓரவஞ்சனை? படிக்கிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொற்களைப் படிக்கும்போது, பெயர் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. ‘ஹவர்’ என்றதும் அதுதான் பெயரோ என்று ஒரு கணம் நிற்பார். அடுத்த சொல் வந்ததும் திரும்பி வந்து மறுபடி படிப்பார். கோடு இருந்தால், ‘இன்னும் முடியவில்லை, தொடர்ந்து வாருங்கள்’ என்று அது கை காட்டும். பெயரைச் சொல்லி முடித்த பிறகு வரும் இடத்தில் இந்தத் தடுமாற்றமே இல்லை.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அலுவலகக் கடிதங்களில் வரும் பாதித் தவறு போய்விடும். ‘லாங்-டெர்ம் பிளான்’ சரி, நீண்டகாலத் திட்டம். ‘இன் த லாங்-டெர்ம்’ தவறு. அங்கே ‘டெர்ம்’ என்பதே பெயர்ச்சொல், ‘லாங்’ அதற்குச் சாதாரணப் பெயரடை. கோட்டை வைத்து யாரை யாரோடு கட்டப் போகிறீர்கள்? அதே போல ‘ரியல்-டைம் டேட்டா’ என்று கோடு போடுங்கள், ‘இன் ரியல் டைம்’ என்று வரும்போது விட்டுவிடுங்கள். ‘ஸ்டெப்-பை-ஸ்டெப் கைடு’ என்றால் கோடு. ‘டூ இட் ஸ்டெப் பை ஸ்டெப்’ என்றால் இல்லை. ‘ட்வென்டியத்-செஞ்சுரி ஆர்ட்’ என்றால் கோடு. ‘இன் த ட்வென்டியத் செஞ்சுரி’ என்றால் இல்லை. சொல் அதேதான், இடம்தான் வேறு. இதைக் கவனிக்காமல், ‘இந்தச் சொல்லுக்குக் கோடு உண்டா?’ என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்கள்தான் காலம் முழுக்கக் குழம்புகிறார்கள். கோடு சொல்லுக்குச் சொந்தம் இல்லை, இடத்துக்குச் சொந்தம்.

விதிவிலக்கு உண்டு. ‘ஓல்ட்-ஃபேஷன்ட்’, ‘ஷார்ட்-டெம்பர்ட்’, ‘குட்-நேச்சர்ட்’ மாதிரி சில சொற்கள் கோட்டோடு சேர்ந்தே அகராதிக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் அவை கோட்டை விடாது. சந்தேகம் வந்தால் அகராதியைத் திறந்து பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது

வளைவு எங்கே விழும் என்று உடனே தெரியாதவர்களுக்கு ஒரு வழி. பெயருக்கு முன்னால் இருக்கும் சொற்களில் ஒன்றை எடுத்துவிட்டு, மீதி தனியாக நிற்கிறதா என்று பாருங்கள்.

‘வெல்-நோன் ஆதர்’ என்பதில் ‘நோன்’ என்பதை எடுத்தால் ‘வெல் ஆதர்’. அர்த்தமே இல்லை. அப்படியென்றால் ‘வெல்’ தனியாகப் பெயரோடு ஒட்டவில்லை, கோடு வேண்டும். ‘எ லாங், போரிங் ஸ்பீச்’ என்பதில் எதை எடுத்தாலும் மிச்சம் நிற்கிறது. நடுவில் ‘அண்ட்’ போட்டாலும் உறுத்தவில்லை. நீளமான பேச்சு, அலுப்பான பேச்சும்கூட. இங்கே கமா. ‘ஆன் ஓல்ட் வுடன் சேர்’ என்பதில் நடுவில் ‘அண்ட்’ போட்டால் இடிக்கிறது, ஆனால் இரண்டும் தனித்தனியாகப் பெயரோடு ஒட்டுகின்றன. மர நாற்காலி, அது பழையது. அங்கே கமாவும் வேண்டாம், கோடும் வேண்டாம்.

இந்தச் சோதனை கைவிடும் இடமும் இருக்கிறது. ‘ஸ்மால் பிசினஸ் ஓனர்’. ‘ஸ்மால் ஓனர்’ என்றாலும் பொருள் வருகிறது, ‘பிசினஸ் ஓனர்’ என்றாலும் வருகிறது. சிறுதொழில் நடத்துபவரா, தொழில் நடத்தும் குள்ளமான மனிதரா? ‘ஸ்மால்-பிசினஸ் ஓனர்’ என்று போட்டால் தகராறு இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது ‘லிட்டில் யூஸ்டு கார்’. ‘எ லிட்டில்-யூஸ்டு கார்’ என்றால் அதிகம் ஓடாத கார். கோட்டை எடுத்துவிட்டால் யாரோ ஓட்டித் தள்ளிய சின்ன கார். விற்கிறவர் கோட்டை மறந்தால் நஷ்டம் அவருக்குத்தான். இந்த மாதிரி இடத்தில் சொற்களை எடுத்துப் பார்த்துப் பயனில்லை. என்ன சொல்ல வந்தோம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, சிவப்புப் பென்சிலை எடுக்க வேண்டியதுதான்.

‘லி’யில் முடிந்தால்

‘ஹைலி பெய்ட் மேனேஜர்’, ‘நியூலி அப்பாயின்டட் டைரக்டர்’. இவற்றுக்குக் கோடு கிடையாது. புதிதாக எழுத வருகிறவர்கள் அதிகம் தப்பு செய்வது இங்கேதான். ஹைஃபனைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ‘ஹைலி-பெய்ட்’ என்று கட்டிவிடுவார்கள். ‘ஹைலி’ என்பது வினையடை. அது எந்தக் காலத்திலும் ‘மேனேஜர்’ என்ற பெயரோடு போய் ஒட்ட முடியாது. அடுத்த சொல்லைத்தான் பிடிக்க முடியும். அந்த ‘லி’யே கை காட்டிவிடுகிறது. பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு எதற்கு?

இதைச் சொன்னதும் சிலர் நேர் எதிர்த் திசையில் ஓடிவிடுவார்கள். காதில் ‘லி’ என்று விழுந்தாலே கோட்டை எடுத்துவிடுவார்கள். ‘ஃபேமிலி-ஓன்ட் கம்பெனி’ என்பதில் ‘ஃபேமிலி’ வினையடை இல்லை, பெயர்ச்சொல். ‘ஃப்ரெண்ட்லி-லுக்கிங் டாக்’ என்பதில் ‘ஃப்ரெண்ட்லி’ பெயரடை. ‘எர்லி-ஸ்டேஜ் ஸ்டார்ட்அப்’ என்பதிலும் அப்படியே. இவற்றுக்கெல்லாம் கோடு வேண்டும். வால் என்ன எழுத்தில் முடிகிறது என்று பார்க்காமல், சொல் என்ன வேலை பார்க்கிறது என்று பாருங்கள்.

‘வெரி’ வந்தால் கோடு இல்லை, காரணம் அதேதான். ‘மோர்’, ‘மோஸ்ட்’, ‘லெஸ்’ ஆகியவற்றுக்கும் வழக்கமாக இல்லை. ஆனால் ‘மோர்’ கொஞ்சம் வில்லங்கம் பிடித்தது. ‘வி நீட் மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்’. அனுபவமுள்ள ஆசிரியர்கள் இன்னும் சிலர் வேண்டுமா, இப்போது இருப்பவர்களைவிட அதிக அனுபவம் உள்ளவர்கள் வேண்டுமா? ‘மோர்-எக்ஸ்பீரியன்ஸ்ட்’ என்று கோடு போட்டால் இரண்டாவது பொருள் என்று இலக்கணம் சொல்லும். ஆனால் கோடு இல்லாததை வைத்து முதல் பொருளைப் புரிந்துகொள்வார்கள் என்று நம்ப முடியாது. நான் இந்த மாதிரி இடத்தில் வாக்கியத்தையே உடைத்து மாற்றி எழுதிவிடுவேன். ஹைஃபன் மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றக் கூடாது, அது தாங்காது.

கோடு இல்லாமலே ஒட்டிக்கொண்டவை

சில ஜோடிகள் பல காலமாகச் சேர்ந்தே புழங்கியதால், பார்த்ததும் ஒரே பொருளாகத் தெரியும். ‘ஹை ஸ்கூல் ஸ்டூடண்ட்’, ‘இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்’, ‘ரியல் எஸ்டேட் ஏஜென்ட்’. இலக்கணப்படி இங்கேயும் வளைவு விழத்தான் செய்கிறது. ஆனால் யாரும் தடுமாறமாட்டார்கள், அதனால் கோடு வேண்டாம். ‘யுனைடெட் நேஷன்ஸ் ரெசல்யூஷன்’ மாதிரி பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களுக்கும் வேண்டாம், அந்தப் பெரிய எழுத்தே கட்டிவைத்துவிடுகிறது. லத்தீனிலிருந்து வந்த ‘அட் ஹாக் கமிட்டி’ போன்றவற்றுக்கும் வேண்டாம். ‘டென் பர்சென்ட் இன்க்ரீஸ்’ என்பதற்கும் வழக்கமாகப் போடுவதில்லை.

எண்கள்: இங்கேதான் கவனம் வேண்டும்

என்னிடம் வரும் பிரதிகளில் சிவப்பு மை அதிகம் செலவாவது எண்களில்தான்.

முதலில் ஒருமை, பன்மை. ‘ஃபைவ்-இயர் பிளான்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஃபைவ்-இயர்ஸ் பிளான்’ இல்லை. ஐந்து வருடம் என்றால் பன்மைதானே என்று தோன்றும். தமிழைக் கேளுங்கள். ‘ஐந்தாண்டுத் திட்டம்’ என்கிறோம், ‘ஐந்தாண்டுகள் திட்டம்’ என்று யாராவது சொல்கிறோமா? அடைமொழியாகப் போனதும் ‘கள்’ உதிர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதே கதை.

விடுப்புக் கடிதத்தில் ‘டென்-டேஸ் லீவ்’ என்று பார்க்காத மனிதவளத் துறை இருக்காது. சரியான வடிவம் இரண்டு உண்டு. ‘எ டென்-டே லீவ்’ என்று ஒருமையில், கோட்டோடு எழுதலாம். அல்லது ‘டென் டேஸ்’ லீவ்’ என்று பன்மையில், ‘டேஸ்’ முடிந்ததும் மேலே ஒரு அப்பாஸ்ட்ரஃபி போட்டு, கோடு இல்லாமல் எழுதலாம். ‘பத்து நாளினுடைய விடுப்பு’ என்பது மாதிரி. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் சேர்த்துத் தைக்காதீர்கள்.

வயதுக்கு இரண்டு கோடு. ‘எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்’. ‘ஃபைவ்-இயர் ஓல்ட்’ என்று பாதி வழியில் கையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பின்னால் ‘பாய்’ வராமல் அந்தக் குழந்தையையே ‘எ ஃபைவ்-இயர்-ஓல்ட்’ என்று குறிப்பிட்டாலும் இரண்டு கோடும் இருக்கும். ‘த பாய் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்’ என்றால் ஒரு கோடும் இல்லை, ‘இயர்ஸ்’ என்ற பன்மையும் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது, எண்ணுக்குள்ளேயே வரும் கோடு. ‘ட்வென்டி-ஒன்’ தொடங்கி ‘நைன்டி-நைன்’ வரை, இரண்டு சொல்லாக வரும் எண்களை எழுத்தால் எழுதினால் நடுவில் கோடு உண்டு. இப்போது இந்தத் தொடரைப் பாருங்கள்: ‘ட்வென்டி ஃபைவ் லிட்டர் கேன்ஸ்’. கோடு எதுவுமே இல்லை. ஒருவர் இதை வைத்துப் பொருள் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ட்வென்டி ஃபைவ்-லிட்டர் கேன்ஸ்’ என்றால் ஐந்து லிட்டர் கேன்கள் இருபது, மொத்தம் 100 லிட்டர். ‘ட்வென்டி-ஃபைவ்-லிட்டர் கேன்ஸ்’ என்றால் ஒவ்வொரு கேனும் 25 லிட்டர், எத்தனை கேன் என்பதே சொல்லப்படவில்லை. ‘ட்வென்டி-ஃபைவ் லிட்டர் கேன்ஸ்’ என்றால் லிட்டர் கேன் 25. கோடு இடம் மாறியதும் அளவே மாறிவிட்டது. இங்கே கோட்டைச் சரியாகப் போட்டாலும் நான் நிம்மதியாகத் தூங்கமாட்டேன். இரண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றை இலக்கத்திலும் மற்றதை எழுத்திலும் மாற்றிவிடுவேன்: ‘20 ஃபைவ்-லிட்டர் கேன்ஸ்’. இனி யாரும் தப்பாகப் படிக்க முடியாது. அந்தப் பயிற்சி அறிவிப்பையும் இன்று எழுதினால் ‘ஃபோர் செஷன்ஸ் ஆஃப் ஒன் ஹவர் ஈச்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன்.

அறிவியல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. அலகின் பெயரை முழுதாக எழுதினால் மற்றச் சொற்களைப் போலவே கோடு போடலாம், ‘35-மில்லிமீட்டர் ஃபிலிம்’ என்பது மாதிரி. ‘எம்எம்’ என்று குறியீடு வந்தால் எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவில் வெறும் இடைவெளிதான், கோடு இல்லை. சர்வதேச அலகு முறையின் விதி அது. ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்தும்போது இதைப் பார்க்காமல் விட்டால், மதிப்பீட்டாளர் பார்த்துவிடுவார்.

நடுவில் ஒரு சிரிப்பு. ‘ட்வென்டி-ஆட் பீப்பிள்’ என்றால் இருபது சொச்சம் பேர். கோட்டை விட்டுவிட்டால், இருபது விசித்திரப் பேர்வழிகள். வந்தவர்களின் எண்ணிக்கையைப் பதிவு செய்யும் கூட்டக் குறிப்பில் இதை ஒரு முறை நானே கோடு இல்லாமல் அனுப்பியிருக்கிறேன். கூட்டத்துக்குப் போனவர்கள் யாரும் மறுக்கவில்லை.

அந்தரத்தில் தொங்கும் கோடு

‘ஃபர்ஸ்ட்- அண்ட் செகண்ட்-இயர் ஸ்டூடண்ட்ஸ்’. ‘ஃபர்ஸ்ட்’ என்பதற்குப் பின்னால் கோடு தொங்குகிறதே, தட்டச்சுப் பிழையா என்று கேட்பார்கள். பிழை இல்லை. ‘முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள்’ என்று நாம் ‘ஆண்டு’ என்பதை ஒரு தடவை சொல்லி இரண்டுக்கும் பகிர்ந்துகொள்கிறோம் அல்லவா, அதுதான். ‘இயர்’ பின்னால் வருகிறது, அதோடு சேரக் காத்திருக்கிறேன் என்று அந்தக் கோடு சொல்கிறது. கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட மறக்காதீர்கள்.

வினைச்சொல்லுக்குக் கோடு போட வேண்டாம்

‘ப்ளீஸ் ஃபாலோ-அப் வித் தெம்’. தினமும் ஒன்றாவது கண்ணில் படும். இங்கே ‘ஃபாலோ அப்’ வினைச்சொல், இரண்டு சொல், கோடு இல்லை. ‘எ ஃபாலோ-அப் மீட்டிங்’ என்று பெயரடையாக வந்தால் கோடு. சோதிப்பது சுலபம். இறந்த காலத்துக்கு மாற்றிப் பாருங்கள்: ‘ஃபாலோட் அப்’ என்று முதல் சொல் மாறினால் அது வினை, கோட்டை எடுத்துவிடுங்கள்.

விதி மாறிக்கொண்டே இருக்கும்

எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவது என்று கேட்பார்கள். அமெரிக்கப் பதிப்புலகில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நடைக் கையேடு பெரிய பெயர். 1906-இல் முதலில் வந்தது, 2024-இல் பதினெட்டாம் பதிப்பு. அதில் ஹைஃபனுக்கென்றே நீண்ட அட்டவணை ஒன்று உண்டு. பத்திரிகைகளுக்கு அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் கையேடு. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. ஒன்றே தன்னோடு ஒத்துப்போகாத காலமும் உண்டு. 2019-இல் அசோசியேட்டட் பிரஸ், ‘ஃபர்ஸ்ட் குவார்ட்டர் டச்டவுன்’ (அமெரிக்கக் கால்பந்தில், ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் எடுத்த புள்ளி) மாதிரி தொடர்களுக்குக் கோடு வேண்டாம் என்றது. எடிட்டர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதே வருடம் கோடு திரும்பி வந்துவிட்டது. ‘இ-மெயில்’ என்பதன் கோட்டை அவர்கள் 2011-இல் எடுத்தார்கள், அது திரும்பவில்லை.

ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2007-இல் ஆறாம் பதிப்பு போட்டபோது சுமார் 16,000 சொற்களில் கோட்டை நீக்கியது. ‘ஐஸ்-கிரீம்’ இரண்டு சொல்லானது. ‘பம்பிள்-பீ’ ஒட்டி ஒரே சொல்லானது. கோடு என்பது பல சொற்களுக்கு நிச்சயதார்த்தம் மாதிரி. கொஞ்ச காலம் இருக்கும், அப்புறம் சேர்ந்துவிடும் அல்லது பிரிந்துவிடும். பெயருக்கு முன்னால் வளைவுக்காகப் போடும் கோடு மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது அந்தந்த வாக்கியத்துக்காக அப்போதைக்குப் போடுவது.

அதனால் நான் செய்வது இது. ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு ஸ்டைல் ஷீட் வைத்துக்கொள்வேன். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை, அகர வரிசையில் ஒரு தாள். எந்தச் சொல்லுக்கு என்ன முடிவெடுத்தேன் என்று அதில் குறித்துவிடுவேன். நூறாம் பக்கத்தில் மறுபடி சந்தேகம் வந்தால் யோசிக்காமல் தாளைப் பார்ப்பேன். முடிந்ததும் கோட்டோடு ஒரு முறை, கோடு இல்லாமல் ஒரு முறை தேடிப் பார்ப்பேன். ஒரே கையேட்டில் மூன்று விதமாக எழுதியிருப்பதைவிட, கொஞ்சம் விவாதத்துக்கு இடமான ஒரு விதத்தை முழுக்கக் கடைப்பிடித்திருப்பது எவ்வளவோ தேவலை.

தட்டச்சில் இரண்டு விஷயம். அந்தரத்தில் தொங்கும் கோட்டைத் தவிர, ஹைஃபனுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டில் இடைவெளி விட்டுப் போட்டால், அது வாக்கியத்தைப் பிரிக்கும் கோடு என்று நினைத்து நீளமான டேஷாக மாற்றிவிடும். அப்புறம், ‘டென்-’ ஒரு வரியின் கடைசியிலும் ‘டே’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழுந்தால் பார்க்க நன்றாக இருக்காது. வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு ஹைஃபனைத் தட்டினால் பிரியாத ஹைஃபன் விழும்.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம்

வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் வரும் பிழைகளை எல்லாம் சேர்த்து, புதிதாகச் சேருகிறவர்களுக்காக நான் கட்டிவைத்திருக்கும் வாக்கியம் இது. இதில் ஆறு இடத்தில் கை வைக்க வேண்டும்.

‘வி நீட் எ ஹைலி-ஸ்கில்ட், டீடெய்ல் ஓரியன்டட் எடிட்டர் வித் டென் இயர்ஸ்-எக்ஸ்பீரியன்ஸ் ஃபார் எ ஃபுல் டைம் ஜாப் வேர் டெட்லைன்ஸ் ஆர் வெல்-டிஃபைன்ட் பட் டாஸ்க்ஸ் சேஞ்ச் ஃப்ரம் டே-டு-டே.’

‘ஹைலி-ஸ்கில்ட்’: ‘லி’யில் முடியும் வினையடை, கோட்டை எடுங்கள். ‘டீடெய்ல் ஓரியன்டட்’: ‘டீடெய்ல் எடிட்டர்’ என்று ஒருவர் கிடையாது, ஆகவே கோடு போடுங்கள். முன்னால் இருக்கும் கமா அப்படியே இருக்கட்டும். ‘டென் இயர்ஸ்-எக்ஸ்பீரியன்ஸ்’: கோட்டை எடுத்துவிட்டு ‘இயர்ஸ்’ மேலே அப்பாஸ்ட்ரஃபி போடுங்கள், பத்து நாள் விடுப்பின் கதைதான். ‘ஃபுல் டைம் ஜாப்’: கோடு வேண்டும். ‘ஃபுல் ஜாப்’ என்றால் வேறு ஏதோ ஆகிவிடும். ‘டே-டு-டே’: பின்னால் பெயர் எதுவும் இல்லை, முன்னால் ‘ஃப்ரம்’ வேறு நிற்கிறது. இரண்டு கோடும் போக வேண்டும்.

மிச்சம் ‘வெல்-டிஃபைன்ட்’. ‘ஆர்’ என்பதற்குப் பின்னால் வருவதால் நான் கோட்டை எடுத்துவிடுவேன். ஆனால் அகராதியில் அந்தச் சொல் கோட்டோடு இருக்கிறதே என்று ஒரு புதுப் பையன் போன மாதம் என்னோடு வாதாடினான். பார்த்தேன், இருக்கிறது. நாங்கள் எடுத்த முடிவை ஸ்டைல் ஷீட்டில் ‘டபிள்யூ’ வரிசையில் எழுதிவைத்துவிட்டு, அவன் கையில் சிவப்புப் பென்சிலைக் கொடுத்து அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னேன்.